கொழுக்கி கழன்ற சுவர்

சுவிஸில் ஒரு சின்ன ஊர். அங்கே தமிழ்ப் பெண்கள் சிலர் ஒன்றாகத் தங்கித் தியானம் பழகும் வீடு ஒன்று இருந்தது. குரு தவநிதி அம்மையார். அவருடைய முதல் சீடர் யோகராணி. தன்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் அம்மையார் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பனி கொட்டினால் வாசலை வழித்துத் துப்புரவாக்குவது யோகராணி. அடைத்த குழாயைக் குத்துவது யோகராணி. பூசைக்கு ஆள் கூடினால் அடுப்படியில் நிற்பதும் அவள்தான்.

அந்த வருஷம் மண்டபத்தைத் திருத்தத் தொடங்கினார்கள். வேலை தொடங்கிய அன்று காலை, பிரார்த்தனை முடிந்ததும் அம்மையார் சொன்னார்: "எனக்குப் பிறகு இந்த வீட்டை நிரோஜினி நடத்துவாள்."

நிரோஜினி வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. யோகராணி தலையை ஆட்டினாள். பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டபத்துச் சுவரில், சுடுதண்ணீர் ஓடும் பழைய இரும்பு ஹீட்டர் ஒன்று இரண்டு கொழுக்கிகளில் தொங்கியது. மேல் கொழுக்கி ஆடத் தொடங்கிக் கனகாலம். மாரிக்கு மாரி, பனி தொடங்க முதல், யோகராணிதான் அந்தத் துளைக்குள் மரச்சிம்பு அடித்து இறுக்கி விடுவாள். ஒருவருக்கும் சொன்னதில்லை.

சில நாள் கழித்து அவளும் நிரோஜினியும் பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கொழுக்கி சுவரோடு பிய்ந்து வந்தது. ஹீட்டர் முன்னால் சாய்ந்தது.

"ஐயோ, ஓடி வாங்கோ! விழப்போகுது!" நிரோஜினி கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

யோகராணி கத்தவில்லை. தோளைக் கொடுத்தாள். விழுந்தால் குழாய் முறிந்து வீடெல்லாம் வெள்ளம்.

அம்மையார் வந்தார். தண்ணீரைப் பூட்டிவரச் சொல்லி நிரோஜினியை நிலவறைக்கு அனுப்பினார். பிறகு மூலையில் கிடந்த மரக்கட்டைகளை இழுத்து வந்து ஹீட்டரின் கீழே அடுக்கினார். முன்பக்கத்துக்கு ஏணியை முட்டுக்கொடுத்தார்.

"இனி விடுங்கோ, அக்கா."

"விட்டா விழும்."

"விழாது. பாருங்கோ."

யோகராணி குனிந்து பார்த்தாள். பாரம் முழுக்கக் கட்டைகளில் இருந்தது. ஆனாலும் தோளை எடுக்கவில்லை.

"அம்மா, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"என்னில என்ன குறை?"

அம்மையார் சுவரைத் தொட்டார். கை பட்ட இடம் ஈரமாவாய் உதிர்ந்தது. உள்ளே கறுத்துப்போயிருந்தது. துளையில் மிஞ்சியிருந்த சிம்புகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார்.

"இதெல்லாம் ஆர் அடிச்சது?"

"நான்தான்."

"ஏன் சொல்லேல்ல?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு..." யோகராணி முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "இந்த வீட்டுக்கு நான் என்ன செய்யேல்ல அம்மா? ஊரில என்ர அம்மா செத்த அண்டைக்கும் இஞ்ச வந்த சனத்துக்குச் சமைச்சுக்கொண்டு நிண்டனான்."

"அது எனக்கு எப்ப தெரியும்?"

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்ச பிறகு."

"முதலே சொல்லியிருந்தா?"

"போங்கோ எண்டிருப்பீங்கள்."

"ஓம். சமையல் நிண்டிருக்கும். நாங்கள் கடையில பாணை வாங்கித் திண்டிருப்பம். நீங்கள் அம்மான்ர முகத்தைப் பாத்திருப்பீங்கள்."

யோகராணிக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷமும் விழுங்கி வைத்திருந்த ஆத்திரம் வந்தது.

"அவள் கத்திப்போட்டு ஓடினவள். பிடிச்சு நிண்டது நான். அப்பிடியும் அவளோ?"

நிலவறைப் படியில் நிரோஜினி ஏறி வரும் சத்தம் கேட்டது.

"அவள் கத்தினபடியாத்தான் நான் வந்தனான்," என்றார் அம்மையார். "இத்தனை மாரியும் நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டீங்கள், அக்கா. சுவர் உக்கினது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."