பதினான்கு நொடிச் சாட்சி

ஒரு காணொளியை எண்பது குடும்பங்கள் பார்த்தன. ஒருவர்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. நீங்களாவது கவனியுங்கள், கடைசியில் கேள்வி உங்களிடம்தான் வரப்போகிறது.

கோவையில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் தனியாக வசித்தவர் இந்துமதி. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். துணைக்கு அவர் வளர்த்த நாயின் பெயர் கடுகு. சிவாவா இனம், ஒன்றரைக் கிலோ எடை, பென்சில் பருமனில் கால்கள். இவ்வளவு சிறிய நாயை எப்படிப் பேண வேண்டும் என்று இந்துமதி நிறையப் படித்திருந்தார். நாளுக்கு நான்கு வேளை தேக்கரண்டிக் கணக்கில் உணவு, மார்கழியில் கம்பளிச் சட்டை. படுக்கையிலிருந்து கிண்ணத்துக்கும் கிண்ணத்திலிருந்து சோபாவுக்கும் அவரே தூக்கிக்கொண்டு போவார். சித்திரையில் கூடத்துக்கு முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் டைல்ஸ் பதித்தார்.

வைகாசியில் தொல்லை தொடங்கியது. வீட்டுவேலைக்கு வரும் ருக்குமணி காலையில் தம்மிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து நுழைந்ததும் கடுகு வீறிட்டு அலறும். வேறு எந்த நேரத்திலும் அலறாது. சமையலறையில் நின்று கேட்டே இந்துமதி தீர்ப்பெழுதிவிட்டார்: கிள்ளுகிறாள். மறுநாளே கூடத்தில் கேமரா வைத்தார்.

அதில் பதிவானது பதினான்கு நொடி. கதவு திறக்கிறது. கம்பளத்திலிருந்து கடுகு வாலைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்து வருகிறது. நடுக்கூடத்தில் அலறுகிறது, ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ருக்குமணி குனிந்து கை நீட்டுகிறார். அவ்வளவுதான்.

"ஏனுங்கம்மா, நான் தொடவே இல்லீங்களே. தொடறதுக்கு முன்னாடியே கத்துதுங்க."

"அப்போ உன்னைப் பார்த்தாலே பயப்படுது. அந்தப் பயம் சும்மா வருமா?"

காணொளி அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் ஏறியது. "முகத்தைப் பார்த்தா பூனை மாதிரி, செய்யறதைப் பாருங்க" என்றார் ஒருவர். "இன்னிக்கு நாய், நாளைக்கு நம்ம குழந்தை" என்றார் இன்னொருவர். இந்துமதி வேலையைவிட்டு நிறுத்த, ருக்குமணி வேலை செய்த மற்ற இரு வீடுகளும் வர வேண்டாம் என்றன.

அதற்குப் பின் ஒன்பது நாள் கடுகு அலறவில்லை. "பார்த்தீர்களா?" என்று இந்துமதி அதையும் குழுவில் எழுதினார்.

பத்தாம் நாள் ருக்குமணி சாவியைத் திருப்பித் தர வந்தார். வாசற்படி தாண்டவில்லை. "சாவிங்க" என்றார். அந்தக் குரல் கேட்டதும் கம்பளத்தில் படுத்திருந்த கடுகு எழுந்து ஓடியது. பாதி வழியில் அதே அலறல். இருவருக்கும் இடையே ஆறடித் தூரம். வலியில் மூன்று காலில் நின்றபடியே கடுகு வாலை ஆட்டிக்கொண்டிருந்ததை இந்துமதி அன்றுதான் பார்த்தார்.

ருக்குமணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இப்பவும் கிள்ளிட்டனுங்களா?"

சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியமே கால்நடை மருத்துவரிடம் ஓடினார் இந்துமதி. மருத்துவர் கடுகின் பின்னங்காலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார்.

"வீட்ல ஓடுமா?"

"எப்பவாவது."

"என்ன தரை?"

"புது டைல்ஸ்."

"யாரைப் பார்த்து ஓடும்?"

இந்துமதி கடுகைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

மாலையில் ருக்குமணியின் வீட்டு வாசலில் போய் நின்றார். தெருவே பார்த்தது. "மன்னிச்சிரு ருக்கு. வேலைக்கு வா."

உட்காரச் சொல்லவில்லை ருக்குமணி. "மன்னிப்பு இருக்கட்டுங்க. என்னைக் கண்டா மட்டும் ஏன் கத்துச்சு? எங்கிட்டச் சொல்ல வேண்டாம். எம்பது வீட்டுக்கும் எழுதுங்க. நீங்க படிச்சவங்க."

இந்துமதி கைப்பேசியை எடுத்தார். காணொளியை அழித்துவிட ஒரு தொடுதல் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. அவர் அழிக்கவில்லை. எழுதவும் விரல் வரவில்லை.

அவர் எழுதத் தயங்கியதை நீங்கள் சொல்லுங்கள்: ஒருநாளும் கிள்ளாத ஒருவரைக் கண்டு, அவரைக் கண்டு மட்டும், கடுகு அலறியது ஏன்?

விடை: வலி. பயமன்று. இத்தகைய குட்டி இன நாய்களுக்குப் பின்னங்காலின் முழங்கால் சில்லு எளிதில் இடம் விலகும். வழுக்கும் தரையில் வேகமாக ஓடியபோதெல்லாம் கடுகுக்கு அது விலகியது. சற்று நேரத்தில் தானாகவே பொருந்தியது. பயந்த நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் நுழையும். வாலைச் சுழற்றிக்கொண்டு எதிரே வராது. முப்பது ஆண்டுகள் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தியவருக்குத் தம் வீட்டுத் தரை தெரியவில்லை. இந்துமதி இதையெல்லாம் அதே குழுவில், அதே காணொளியின் கீழ், தம் பெயரில் எழுதினார். கடைசி இரண்டு வரிகளுக்கு மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று: "ருக்குமணியைக் கண்டால்தான் கடுகு ஓடும், அதனால்தான் அப்போது மட்டும் அலறியது. என்னிடம் அது ஒருமுறைகூட ஓடி வந்ததில்லை."