பார்வையால் குணப்படுத்திய நரி

தாழங்குளத்தின் கரையில் செம்பிடரன் என்ற கிழச் சிங்கம் ஒரு முயலை வளர்த்து வந்தது.

சிங்கம் முயலை வளர்க்குமா என்று கேட்பவர்கள், மனிதர்கள் எதையெல்லாம் வளர்க்கிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். காட்டுத்தீயில் தாயை இழந்து, சிங்கத்தின் முன்னங்கால்களுக்கு நடுவே படுத்து வளர்ந்த முயல் அது. பெயர் பஞ்சு. சிங்கத்தின் பிடரியில் ஒட்டும் முட்களைப் பொறுக்கும். மழைக்காலத்தில் சிங்கம் தன் மூட்டு வலியைப் பற்றிப் புலம்பினால் முகம் சுளிக்காமல் கேட்கும். காடு முழுவதும் சிங்கத்தை "மன்னா" என்று அழைத்தது. பஞ்சு மட்டும் "பெரியப்பா" என்றது.

பெரியப்பாவுக்குப் பாசம் அதிகம். புல் என்பது கதியற்ற முயல்களின் உணவு என்பது அதன் கருத்து. ஆகவே பஞ்சுவுக்கு வாழைப்பழம், தேனடை, பலாச்சுளை என்று வந்துகொண்டே இருந்தன. பஞ்சுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பலாச்சுளையை வேண்டாம் என்று சொல்ல முயலுக்கு மட்டும் என்ன தலையெழுத்து?

ஒருநாள் பஞ்சு பழத்தைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. சிங்கம் கலங்கிப்போய் வைத்தியருக்கு ஆள் அனுப்பியது.

அந்தக் காட்டில் வைத்தியர் என்று பெயர் வாங்கியிருந்தது நுண்மதி என்ற நரி. காட்டை ஒட்டிய ஊரில், வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் பின்சுவர் ஓரமாகக் கோழி எலும்பு விழும். எலும்புக்காகக் காத்துக் கிடந்த நரியின் காதில் சன்னல் வழியாக டாக்டர்களின் பேச்சும் விழுந்தது. எலும்பை முழுதாகத் தின்றது. பேச்சை அரைகுறையாகக் கேட்டது. இப்படி உருவான வைத்தியர்கள் காட்டுக்கு வெளியிலும் உண்டு என்று கேள்வி.

நரி வந்தது. பஞ்சுவின் அருகே குனிந்து, பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தது.

"எப்படி இருக்கிறாய், குழந்தாய்?"

சுருண்டு கிடந்த பஞ்சு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. காதுகள் விறைத்து நின்றன. வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ மெல்லத் தொடங்கியது.

"நன்றாக இருக்கிறேன், ஐயா."

"வலி ஏதாவது உண்டா?"

"வலியா? எனக்கா?"

சொல்லிவிட்டு ஒரு துள்ளலும் துள்ளிக் காட்டியது. இதில் ஆச்சரியம் இல்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்று நரியிடம் ஒப்புக்கொண்ட முயல் எதுவும் பேரன் பேத்தி எடுத்ததில்லை. இது முயல் குலத்துக்குப் பிறக்கும்போதே தெரியும். நரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது இப்போது வைத்தியர் அல்லவா? நரியாக இருந்தபோது தெரிந்ததெல்லாம் வைத்தியரான பின் மறந்துவிட்டது.

"லேசான கோளாறுதான், மன்னா," என்றது நரி. "என்னிடம் ஒரு வேர் இருக்கிறது. ஆனால் அரண்மனை நோயாளிக்கு ஆராயாத மருந்தைக் கொடுப்பது முறையல்ல. முதலில் காட்டு முயல்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மருத்துவ ஆராய்ச்சி என்று பெயர்."

"செய்யும்," என்றது சிங்கம். உடனே ஓர் உத்தரவும் பிறப்பித்தது: நோயுற்ற முயல்கள் வைத்தியர் கொடுப்பதைத் தின்ன வேண்டும், வைத்தியர் அந்த முயல்களைத் தின்னக் கூடாது.

நரி பணிவுடன் தலையை ஆட்டியது. இரண்டாவது பாதிக்கு அது ஆட்டிய தலை கொஞ்சம் மெதுவாகத்தான் ஆடியது.

ஆராய்ச்சி முறைப்படி நடந்தது என்பதை நாம் மறுக்க முடியாது. நரி நோயுற்ற முயல்களை இரண்டு அணியாகப் பிரித்தது. ஓர் அணிக்கு வேரை அரைத்து இலையில் வைத்தது. இன்னோர் அணிக்குக் குளத்துச் சேற்றைக் குழைத்து, அதே அளவு, அதே நிறத்தில், அதே மாதிரி இலையில் வைத்தது. எந்த இலையில் மருந்து, எதில் சேறு என்று முயல்களிடம் சொல்லவில்லை. சன்னல் வழியாகக் கேட்டதில் இவ்வளவும் சரியாகவே நினைவிருந்தது.

மறுநாள் நரி வளை வளையாகப் போய்த் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தது. வேர் தின்ற முயல்கள் நரியின் மூஞ்சியைக் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து மறுவாசல் வழியாகப் பறந்தன. "குணம்," என்றது நரி. சேறு தின்ற முயல்களும் அதே வேகத்தில் பறந்தன. "இவர்களுக்கும் குணம்," என்றது.

மரத்தில் இருந்த மரங்கொத்தி கேட்டது: "வைத்தியரே, சேறு தின்றவர்களும் பிழைத்தால் உம்முடைய வேர் எதற்கு?"

"படிக்காதவர்களுக்கு இது புரியாது," என்றது நரி. "சேற்றுக்கும் மருத்துவ குணம் உண்டு என்று இப்போது தெரிகிறதே. ஓர் ஆராய்ச்சியில் இரண்டு கண்டுபிடிப்புகள்!"

மரங்கொத்தி மறுபடியும் மரத்தைக் கொத்தப் போய்விட்டது. மரத்துக்குள்ளாவது ஏதாவது இருக்கும்.

எழுந்து ஓட முடியாத முயல்களும் சில இருந்தன. அவற்றை என்ன செய்தது என்று கேட்டால் நரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அவர்கள் ஆராய்ச்சியிலிருந்து இடையில் விலகிக்கொண்டார்கள்," என்று சொல்லும். விலக விலக நரியின் வயிறு மட்டும் பருத்துக்கொண்டே போனது.

நரியின் மனைவி கோமளத்துக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்காது.

"விலகினவர்களின் எலும்பு வாசலெல்லாம் கிடக்கிறது," என்றாள் அவள். "மிதித்துக் காலில் குத்துகிறது. கொஞ்சம் ஒதுக்கியாவது போடக் கூடாதா?"

"ஆராய்ச்சியாளன் வீடு அப்படித்தான் இருக்கும், கோமளம். மற்றவர்கள் எல்லாரும் குணமாகிவிட்டார்களே, அதைப் பார்."

"பார்க்காமல் என்ன? உங்களைக் கண்டால் செத்த முயல்கூட எழுந்து ஓடும். அதற்கு மருந்து எதற்காம்?"

வேறு யாராக இருந்தாலும் இந்தப் பேச்சு சுருக்கென்று தைத்திருக்கும். நரியோ சற்று யோசித்தது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"நீ சொல்வது சரி," என்றது. "மருந்தே தேவையில்லை. என் பார்வையே போதும்."

கோமளம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றே நரி அரசவைக்கு ஓடியது. "மன்னா, பஞ்சுவுக்கு வேரும் வேண்டாம், சேறும் வேண்டாம். நான் நாள்தோறும் வந்து அருகில் நின்று பார்த்தால் போதும். என் மனைவியே சொல்கிறாள், என்னைக் கண்டால் செத்த முயலும் எழுந்து ஓடுமாம். வீட்டுக்காரியிடமே பாராட்டு வாங்கிய வைத்தியன் வேறு யார் இருக்கிறான்?"

சிங்கம் சம்மதித்தது. பாசம் மிகுந்தவர்கள் எதற்கும் சம்மதிப்பார்கள்.

நரி நாள்தோறும் வந்து பஞ்சுவை உற்றுப் பார்த்தது. பஞ்சுவும் தவறாமல் எழுந்தது, துள்ளியது, வெறும் வாயை மென்றது. நரி, "ஆஹா, நல்ல முன்னேற்றம்," என்று சொல்லிவிட்டுப் போகும். சிங்கம் மரியாதைக்காக அதனுடன் புதர்வரை நடந்துபோய் வழியனுப்பும். திரும்பி வரும்போது பஞ்சு ஒரு மூலையில் கிடக்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் மிச்சம் இருந்த தெம்பில் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. சிங்கம் அதை நாவால் நக்கிக் கொடுக்கும்போது விலா எலும்புகள் நாவில் தட்டின. முன்னேற்றம் என்றால் இளைத்துக்கொண்டே போவது என்று சிங்கம் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் நரி வரவில்லை. "வைத்தியருக்கு வயிற்று வலி," என்று காகம் சேதி சொல்லிவிட்டுப் போயிற்று. ஆராய்ச்சியிலிருந்து கடைசியாக விலகிய முயல், வேரை அரைத்த மருந்தை ஓர் இலை நிறைய விழுங்கிய முயல். அதை நரி முழுதாக விழுங்கியிருந்தது. ஆக, தன் மருந்தின் உண்மையான குணத்தை நரி முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

நரி வராததால் சிங்கத்துக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. செத்த முயலும் எழுந்து ஓடும் என்ற பேச்சு அதன் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. தான் வேட்டையாடிய காலம் நினைவுக்கு வந்தது. காலொடிந்த மானைத் தூரத்திலிருந்து பார்த்தால் நொண்டும். கிட்டப் போனதும் நொண்டாது. தலையை நிமிர்த்தி ராணி மாதிரி நடக்கும். "என் எதிரில் ஒரு மான்கூட நொண்டியதில்லை," என்று சிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டது. "அதற்காக என்னை வைத்தியன் என்று யாராவது சொன்னார்களா?"

"நான் குளித்துவிட்டு வருகிறேன்," என்று பஞ்சுவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியது. ஆனால் குளிக்கப் போகவில்லை. வயதான மூட்டுகள் முனக, தாழம்புதருக்குள் பதுங்கியது. எத்தனையோ முறை கொல்வதற்காகப் பதுங்கிய உடம்பு. அன்றுதான் அது ஓர் உயிரைப் பிழைக்க வைப்பதற்காகப் பதுங்கியது.

யாரும் இல்லை என்று பஞ்சு நம்பியது. மெதுவாகத் தவழ்ந்து குளக்கரைக்கு வந்தது. அறுகம்புல்லைக் கடிக்கப் பார்த்தது. புல் நழுவி விழுந்தது. மறுபடியும் கடித்தது, மறுபடியும் விழுந்தது. வாயோரம் எச்சில் வழிந்து மார்பு மயிரெல்லாம் நனைந்திருந்தது. கன்னத்தை ஈரமண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதது.

சிங்கம் புதரை விட்டு வெளியே வந்தது. பஞ்சு பதறி நிமிர்ந்து வெறும் வாயை மெல்லத் தொடங்கியது.

"போதும்மா," என்றது சிங்கம். "என்னிடம் மெல்ல வேண்டாம். எங்கே வலிக்கிறது?"

பஞ்சுவின் காதுகள் மெல்லத் தாழ்ந்தன. "வாயில், பெரியப்பா."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் வைத்தியரைத்தானே கேட்கச் சொன்னீர்கள். அவர் கேட்டார். கேட்கும்போது அவர் பல் தெரிந்தது."

"வாயைத் திற."

பஞ்சு ஒரு கணம் தயங்கியது. பிறகு, காட்டிலேயே பெரிய பற்கள் உள்ள விலங்கின் எதிரே தன் சின்ன வாயைத் திறந்தது.

முன்பற்கள் வளர்ந்து வளைந்து உதட்டைக் குத்திக் கிழித்திருந்தன. முயலின் பல் சாகும்வரை வளரும். முரட்டுப் புல்லைக் கடித்துக் கடித்துத்தான் அது தேய வேண்டும். பலாச்சுளையைத் தின்றால் எங்கே தேயும்? நோய்க்குக் காரணம் சாபமும் இல்லை, கிருமியும் இல்லை. பெரியப்பாவின் பாசம்தான்.

சிங்கம் வெட்கத்தோடு தலையைக் குனிந்தது. பிறகு தன் முன்னங்காலின் ஒற்றை நகத்தை நீட்டியது. எத்தனையோ கழுத்துகளை முறித்த நகம் அது. அதைக் கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லைச் சீவிவிட்டது. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டதே தவிர வாயை மூடவில்லை. முடிந்ததும் ஓர் அறுகம்புல்லை எடுத்துக் கடித்தது. புல் விழவில்லை.

"நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டது சிங்கம்.

"இல்லை, பெரியப்பா. உதடு இன்னும் எரிகிறது."

சிங்கத்துக்கு அந்தப் பதில் தேனாக இனித்தது. நலமா என்ற கேள்விக்குப் பஞ்சு சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான்.

பஞ்சுவின் முன்னால் புல்லையும் மூங்கில் குருத்தையும் குவித்து வைத்துவிட்டு, சிங்கம் நரியின் குகைக்குப் போயிற்று.

நரி உள்ளே உருண்டு புரண்டு முனகிக்கொண்டிருந்தது. சிங்கம் தலையை நுழைத்து, பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தது.

"எப்படி இருக்கிறீர், வைத்தியரே?"

நரி துள்ளி எழுந்தது. காதுகள் விறைத்து நின்றன. வால் தானாக ஆடியது.

"பூரண நலம், மன்னா."

"வயிற்று வலி என்றார்களே?"

"வலியா? எனக்கா?"

"அப்படியா? என் பார்வை உம்முடைய பார்வையைவிட வேகமாக வேலை செய்கிறதே," என்றது சிங்கம். பிறகு குனிந்து வாசலைப் பார்த்தது. "இந்த எலும்புகள் யாருடையவை?"

"அவை... ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொண்ட முயல்களுடையவை, மன்னா."

"விலகி எங்கே போனார்கள்?"

நரி வயிற்றை வாலால் மறைத்துக்கொண்டது.

"உள்ளே," என்றாள் கோமளம், நரியின் வயிற்றைப் பார்த்தபடி.

சிங்கம் அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணியது. அந்த முயல்களை மருந்து தின்னச் சொன்ன உத்தரவு தன்னுடையது என்பதை அது மறக்கவில்லை. பிறகு நரியின் பக்கம் திரும்பி மிக மரியாதையாகக் கேட்டது:

"வைத்தியரே, எழுந்து ஓடுகிறீரா? இல்லை, நீரும் விலகிக்கொள்கிறீரா?"

நரி ஓடியது. தாழங்குளத்தைத் தாண்டி, மூங்கில் காட்டைத் தாண்டி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே ஓடியது. கோமளம் உடன் போகவில்லை. வாசலைப் பெருக்க வேண்டியிருந்தது. நரி இப்போது பக்கத்துக் காட்டில் இருக்கிறதாம். தீராத வயிற்று வலியைச் சிங்கத்தின் ஒரே பார்வை தீர்த்து வைத்ததைத் தன் சொந்த அனுபவமாகவே எடுத்துச் சொல்லி, புதிய ஆராய்ச்சிக்கு முயல்களைத் தேடிக்கொண்டிருக்கிறதாம்.

தன்னைக் கண்டு நடுங்குகிறவர்களிடம் நலம் விசாரிப்பவனுக்கு, நலம் என்ற பதில் எப்போதும் கிடைக்கும். உண்மை ஒருபோதும் கிடைக்காது.