கோதை எடுத்துக்கொண்டு போன பாட்டு

ஒரு காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மகிழ்மாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் அவர் மனசு ஓர் இடத்தில் நிற்காது. ஒரு மாதம் சேவல் சண்டை, மறு மாதம் மூலிகைத் தோட்டம். இந்தக் கதை நடந்த மாதம் அவரைப் பிடித்த பேய்க்குப் பெயர் பயன். எதைப் பார்த்தாலும், "இதனால் என்ன பயன்?" என்று கேட்பார். அரண்மனை மயில்களை விரட்டிவிட்டுக் கோழி வளர்த்தார், முட்டைக்காக.

இதை ராஜாவின் காதில் ஓதியவர் பொக்கிஷத்தார் சிங்கணன். அவருக்கு அவைப்புலவர் அல்லியங்கோதையைக் கண்டாலே ஆகாது. சபையில் அவர் பேசினால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். கோதை வாய் திறந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். இது போதாதா ஒருவருக்கு வயிறு எரிய?

ஒருநாள் அவர் சபையில் எழுந்தார். "மகாராஜா, இந்தக் காலத்தில் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? பாட்டை உலையில் போட்டால் வேகுமா? கூரைமேல் போட்டால் ஒழுகாமல் இருக்குமா? புலவர் மண்டபம் வீணாகக் கிடக்கிறது. புளி போட்டு வைக்க அருமையான இடம்."

அந்த மண்டபத்தில்தான் கோதை குடியிருந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே கூரை அது. அதுவும் வடக்கு மூலையில் ஒழுகும்.

"கோதை, பாட்டால் ஒரே ஒரு பயன் சொல். இல்லாவிட்டால் மண்டபம் புளிக்குத்தான்" என்றார் ராஜா.

கோபத்தில் கோதைக்கு வாய் முந்திக்கொண்டது. "எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அரசே. நான் போகிறேன். என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போக அனுமதி கொடுங்கள்."

"உன்னுடையது என்ன இருக்கிறது இங்கே?"

"நான் பாடி வைத்த பாட்டெல்லாம்."

சபை சிரித்தது. சிங்கணன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாராளமாக எடுத்துக்கொண்டு போ அம்மா! ஒரு வரி இங்கே மிச்சம் இருக்கக் கூடாது. என் ஆட்களை விட்டே துடைக்கச் சொல்கிறேன்." ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை கோதை கோட்டை வாசலில் சுவடி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்காரனைக் காணோம். 'வருவானா, மாட்டானா? வானம் வேறு இருட்டுகிறது. ஓலையெல்லாம் நனைந்துபோனால் என்ன செய்வேன்? பாழாய்ப்போன வாய், கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?'

எதிரே ராஜாவின் தம்பி இளவழுதியின் நடுகல் இருந்தது. போரில் இறந்தவனுக்காக நட்ட கல். அதில் கோதையின் பாட்டை வெட்டி வைத்திருந்தார்கள். சிங்கணனின் ஆட்கள் அதையும் விடவில்லை. கல் முழுக்கச் சுண்ணாம்பை அப்பி மூடிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் கவலையெல்லாம் மறந்துபோனது.

அன்றைக்கென்று பார்த்து, இளவரசியைப் பெண் கேட்டு அண்டை நாட்டுத் தூதர் வந்து இறங்கினார். வரவேற்க ராஜாவே சிங்கணனோடு வாசலுக்கு வந்தார். முன்னால் கட்டியக்காரன் மாசிலான். ராஜா வரும்போதெல்லாம், 'மலை குனியும் தோளான், மழை கேட்டு வரும் கையான்' என்று கோதை எழுதிக் கொடுத்ததைத்தான் அவன் கூவுவான். அது இப்போது மூட்டைக்குள் இருந்தது. பாவம், தெரிந்ததைக் கூவினான்.

"ராஜா வருகிறார்! முழங்கால் வலியோடு வருகிறார்! காலையில் வெண்பொங்கல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அதனால்தான் தாமதம்!"

தூதர் மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டார்.

"அடேய், என்னடா உளறுகிறாய்?"

"பாட்டில்லாமல் கூவச் சொன்னார் பொக்கிஷத்தார். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மகாராஜா."

கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முகம் சிவந்து திரும்பிய ராஜாவின் கண்ணில் தூதரின் குதிரை பட்டது. அதை நடுகல்லில் கட்டியிருந்தார்கள். அது சுகமாகக் கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என் தம்பியின் கல்லில் குதிரையா!" ராஜாவின் கை வாளுக்குப் போய்விட்டது.

தூதர் பதறினார். "மன்னிக்க வேண்டும் அரசே! கல்லில் ஒரு எழுத்துகூட இல்லை. குதிரை கட்ட நட்டது என்று நினைத்துவிட்டோம். எப்படிப்பட்டவர் உங்கள் தம்பி?"

"அவன்... நல்லவன். உயரமாக இருப்பான். போரில் இறந்தான்." அதற்குமேல் ராஜாவுக்கு வரவில்லை. தான் சொன்னது எந்தத் தம்பிக்கும் பொருந்தும் என்று அவருக்கே தெரிந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். மூட்டைமேல் கோதை உட்கார்ந்திருந்தாள்.

"கோதை, நீ சொல் அதை."

"அது என்னுடையது அரசே. எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டீர்களே."

ராஜா அவள் முன்னால் வந்து நின்றார். "சொன்னேன். இப்போது கேட்கிறேன். கொடு."

கோதை எழுந்து சொன்னாள்:

"விழுந்தவன் தண்ணீர் கேட்டான், வந்த நீரைப்
பக்கத்தில் கிடந்த பகைவனுக்குக் கொடுத்தான்."

தூதர் தலைப்பாகையைக் கழற்றினார். தானே போய்க் குதிரையை அவிழ்த்தார். "பெண் எடுத்தால் இந்த வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்று எங்கள் ராஜாவிடம் சொல்வேன்" என்றார்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிங்கணரே! பயன் கேட்டேன், கிடைத்துவிட்டது. அந்தச் சுண்ணாம்பை நீரே சுரண்டும். எழுத்தில் ஒரு கீறல் விழக் கூடாது." ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்க, பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு சிங்கணன் சாயங்காலம்வரை சுரண்டினார்.

மண்டபம் கோதைக்கே சாசனமானது. மறுபடி கூரை வேய்ந்தார்கள். மயில்களும் திரும்பி வந்தன. சபைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள், ஒருவரைத் தவிர. அவர் வரும்போது மட்டும் மாசிலான், "பொக்கிஷத்தார் வருகிறார். வந்துவிட்டார்" என்பான்.

கடைசியில் ஒருநாள் சிங்கணன் மண்டபத்து வாசலில் வந்து நின்றார். "கோதையம்மா, எனக்கும் ஒரு வரி..."

"அதனால் என்ன பயன், ஐயா?"

"பயன் கிடக்கட்டும். மகளுக்குக் கல்யாணம் வருகிறது. சம்பந்தி வீட்டார் முன்னால், 'வந்துவிட்டார்' என்று கூவினால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?"

கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வடக்கு மூலையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அங்கே உட்காருங்கள். யோசிக்கிறேன். பயப்படாதீர்கள், இப்போது ஒழுகுவதில்லை."