கொடியில் காயும் துணி

"எஞ்சின் நின்னா என்ன பண்றதுன்னு கேட்டா, நீங்க துணியைப் பத்திக் கேக்கறீங்க டீச்சர். எனக்குச் சலிச்சுப்போச்சுங்க."

இறக்கையின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தபடி சென்னியப்பன் சொன்னார்.

நூல்மில்லில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஃபிட்டர் அவர். கண் எரிச்சலோடு நேராக இந்தப் பொட்டலுக்கு வந்துவிடுவார். அந்தக் குட்டி விமானத்தை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவரே கட்டினார். கட்டி முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது.

பிலோமினா டீச்சர் அவரைவிட இளையவர். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பேச்சு குறைவு.

மேலே போனதும் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சினை அடக்கிவிடுவார். உடனே சென்னியப்பனின் காது முன்னால் சாயும். கை பெட்ரோல் டேப்புக்குப் போகும், சுவிட்சுக்குப் போகும், மறுபடி டேப்புக்கே வரும்.

பின்சீட்டிலிருந்து டீச்சர் கேட்பார்.

"கீழ ஓட்டுவீட்டுல துணி காயுதே, எந்தப் பக்கம் பறக்குது?"

சென்னியப்பன் பார்த்திருக்கமாட்டார்.

"செத்துட்டீங்கண்ணா."

சோறு ஆறிப்போச்சு என்பதுபோலச் சொல்வார். பிறகு எஞ்சினை முடுக்கிவிட்டு, திரும்பலாம் என்று கைகாட்டுவார்.

இப்படியே பல மாதமாகச் செத்துக்கொண்டிருந்தார் சென்னியப்பன். தனியாகப் பறக்க டீச்சர் விடவில்லை. மில்லில் ஆளாளுக்கு, சிங்கப்பூர் போக எப்போது டிக்கெட் தருவீர்கள் என்று கேட்டார்கள். வீட்டுக்காரி கேட்பதையே விட்டுவிட்டாள்.

"காத்தை எதுத்து இறங்கோணும், அதுக்குத்தான் துணியப் பாக்கச் சொல்றீங்கன்னு எனக்கும் தெரியுமுங்க," என்றார் இப்போது. "அதுக்கு மின்னாடி எஞ்சினைப் பாக்க வேண்டாமா? நட்டு நட்டாப் பூட்டினவன் நான். அது இருமினா எதனாலன்னு எனக்குத் தெரியாதா?"

"அதாண்ணா பயமா இருக்கு."

டீச்சர் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நடந்தார்.

அவர் திரும்பிப் பார்த்தபோது விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்காது.

பின்சீட்டில் ஆள் இல்லாததால் விமானம் லேசாக ஏறியது. இந்த நாளில் சந்தோஷம் பொங்கும் என்று சென்னியப்பன் நினைத்திருந்தார். கொட்டாவிதான் வந்தது.

தென்னந்தோப்பைத் தாண்டியதும் எஞ்சின் ஒருதரம் இருமியது.

நின்றுவிட்டது.

விசிறி கண்ணுக்கு நேரே கட்டைபோல அசையாமல் நின்றது. மில்லில் சேர்ந்த நாளிலிருந்து அப்படியொரு நிசப்தத்தை அவர் கேட்டதில்லை.

கை டேப்புக்குப் போனது.

கார்புரேட்டரா? பிளக்கா? போன வாரம் மாற்றிய வாஷரா? ஒவ்வொன்றாக மனதுக்குள் கழற்றினார். கழற்றக் கழற்றத் தென்னை மட்டைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. விமானத்தின் வேகம் செத்து, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் கையில் துவண்டது. அது அவருக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பார்க்க பாக்கி. அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.

*செத்துட்டீங்கண்ணா.*

பின்சீட்டில் யாருமில்லை.

சென்னியப்பன் டேப்பிலிருந்து கையை எடுத்தார்.

மொபெட்டில் டீச்சர் போய்ச் சேர்ந்தபோது, அறுவடை முடிந்த கடலைக்காட்டில் விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு சக்கரம் வரப்பில் கழன்றிருந்தது. வலது இறக்கை மடங்கிவிட்டது. மூக்கு மேற்கே பார்த்திருந்தது. மேல்காற்று அதன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சொம்பிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. வேறு காயமில்லை.

பக்கத்தில் நின்ற காட்டுக்காரம்மா டீச்சரிடம், "பெட்ரோலு தீந்துபோச்சாட்ட இருக்குதுங்க," என்றாள். "பங்க்கு கெழக்கால இருக்குது. அதுக்குள்ள இங்க இறங்கிட்டாரு."

டீச்சர் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"எஞ்சின் ஏன் நின்னுச்சு?"

சென்னியப்பன் விமானத்தின் பக்கம் திரும்பவில்லை. காட்டுக்கு அப்பால் இருந்த வீட்டை, வாசலில் கட்டியிருந்த கொடிக்கயிற்றைப் பார்த்தார்.

"மஞ்சச் சேலைங்க டீச்சர்," என்றார். "கெழக்க பறந்துச்சு."