இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு

சீடன் என்றதும் இருபது வயதுப் பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சீடருக்கு வயது அறுபத்தொன்று, இரண்டு பேரன்கள், தீராத முழங்கால் வலி. கரூர்ப் பக்கம் கொசுவலைக் கம்பெனி நடத்தும் நாச்சிமுத்துதான் அவர். குருவுக்கு நாற்பத்தாறு. பெயர் திலகமணி. மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களைக் கூட்டி வந்து பார்த்துக்கொள்ளும் இல்லம் அவருடையது. சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "அண்ணா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாச்சிமுத்து இல்லத்துக்குப் போய் வெங்காயம் உரிப்பார். உரித்துக்கொண்டே எதையாவது கேட்பார். திலகமணி உபதேசம் பண்ணுகிற ஆள் இல்லை. பாதிக் கேள்விக்குச் சிரிப்பார், மீதிக்கு ஏதாவது வேலை வைப்பார்.

ஒருநாள் நாச்சிமுத்து கேட்டார். "வருஷம் ஒரு நல்ல காரியத்துக்குக் கம்பெனி சார்புல கொடுக்கலாம்னு இருக்கறனுங்க. யாருக்குன்னு எப்படிங்கம்மா முடிவு பண்றது?"

"உங்க ஆளுங்களைக் கேளுங்கண்ணா. ஊருக்குள்ள யாரு என்ன செய்யறாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

அவரும் கேட்டார். ஆளுக்கொரு சீட்டு. உள்ளூரில் நல்லது செய்யும் யாருடைய பேரையும் எழுதலாம். மேனேஜர் தங்கராசு மேஜையில் பெட்டி வைத்தார்கள். மறுநாளே நாச்சிமுத்து ஒரு தட்டு நிறையப் பழத்தோடு இல்லத்துக்கு ஓடி வந்தார். முழங்கால் வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஜெயிச்சுட்டீங்கம்மா! இருநூத்திப் பன்னண்டு சீட்டு. அத்தனையும் நம்ம இல்லத்துக்குத்தான்!"

அவர் குதிப்பதற்குக் காரணம் இருந்தது. இல்லத்தின் பின்கட்டில் கூரை அட்டைகள் விரிசல் விட்டிருந்தன. மழைக்கு முன்னால் மாற்றாவிட்டால் அங்கே இருக்கும் பதினெட்டுப் பெண்களையும் பிரித்து வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பிவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் சிலருக்குத் தங்கள் பெயரே இந்த இல்லத்துக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நாச்சிமுத்துவின் கைக்காசெல்லாம் புது மிஷினில் முடங்கிக் கிடந்தது. கம்பெனி கொடுக்கப்போகும் இந்தப் பணம் ஒன்றைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார்.

திலகமணி பழத்தட்டை வாங்கவில்லை.

"ஒருத்தராச்சும் வேற பேரு எழுதலீங்களா?"

"ஒருத்தருகூட இல்லீங்க!"

"செல்லாத சீட்டு?"

"அதுவும் இல்லீங்க."

"அட ராமா. நான் எலெக்‌ஷன்ல நின்னா என் கூடப்பொறந்தவனே எனக்கு ஓட்டுப் போட மாட்டான். நாளைக்குக் கம்பெனிக்கு வரேன், பதினோரு மணிக்கு."

மறுநாள் வந்தார். வாசலில் கைரேகை வைக்கும் மிஷினுக்கு மேலே திலகமணியின் படமே மாலையோடு தொங்கியது. ஒரு கணம் நின்று பார்த்தார். "உசிரோட இருக்கறப்பவே மாலையா?" என்றார்.

கேன்டீனில் எல்லோரும் கூடியிருந்தார்கள். திலகமணி கேன்டீன் அக்கா சரசாளைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு அவங்கவங்க கேக்கறதைக் கொடுக்கலாமா அக்கா?"

"தாராளமா. பாலு இருக்குது, மோரு இருக்குது, சுக்கும் கெடக்குது."

"அண்ணா, உங்களுக்கு?"

"எப்பவும்போல சர்க்கரை இல்லாத காபிங்கம்மா."

திலகமணி அடுத்து நின்ற தங்கராசுவைப் பார்த்தார்.

"எனக்கும் சர்க்கரை இல்லாத காபிங்க" என்றார் தங்கராசு.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே. நாற்பது பேர் தாண்டியும் வேறு பேச்சில்லை. மடிப்புப் பிரிவில் வேலை செய்யும் பவித்ரா வாங்கி ஒரு வாய் குடித்தாள். வேப்பங்கொழுந்தை மென்றதுபோல முகம் கோணிப் போயிற்று.

"உனக்குச் சர்க்கரை வியாதியா கண்ணு?" என்று கேட்டார் திலகமணி.

"இல்லீங்கக்கா."

"இனிப்புப் பிடிக்காதா?"

"ஐயோ, நெம்பப் பிடிக்குமுங்க."

"பின்னே இது?"

பவித்ரா முதலாளியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். யாரோ பின்னாலிருந்து க்ளுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள்.

"அண்ணா, நீங்க கொஞ்சம் சைக்கிள் ஸ்டாண்டுல போய் நில்லுங்க" என்றார் திலகமணி.

நாச்சிமுத்து போய் நின்றார். நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

"எனக்கு டீக்கா, சர்க்கரை தூக்கலா!"

"சுக்குக் காபி."

"மோருல ரெண்டு பச்சை மிளகாய் கிள்ளிப் போடு சரசக்கா."

"ஒண்ணும் வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணி போதும்."

கடைசியாகத் தங்கராசுவின் குரல். "எனக்குப் பாலுங்க. காபி வாசம் பட்டாலே எனக்குக் கொமட்டும்."

பதினோரு வருஷமாகத் தினமும் தன்னோடு உட்கார்ந்து காபி குடிக்கும் தங்கராசு. நாச்சிமுத்துவுக்குக் காது சூடேறியது. கோபமா, வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை. திலகமணி வெளியே வந்தார்.

"பெட்டியை மறுபடியும் வைங்கண்ணா."

"வெச்சா உங்களுக்கு விழாதுங்கம்மா!"

"விழாட்டிப் போகட்டும்."

"பதினெட்டுப் பேருங்கம்மா! மழைக்கு இன்னும் ஆறே வாரம். பயமா இருக்குதுங்க எனக்கு."

"அந்தப் பதினெட்டுப் பேரு என் பொறுப்பு. இந்த இருநூத்திப் பன்னண்டு பேரு உங்க பொறுப்பு."

போகும்போது தன் படத்தைத் தானே கழற்றி, மாலையைத் தெருவில் மேய்ந்துகொண்டிருந்த எருமைக்குப் போட்டுவிட்டு, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

இந்தத் தடவை சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதி வரச் சொன்னார்கள். எழுதுகிறவர் தன் பேர் போட வேண்டாம். பெட்டியும் தங்கராசு மேஜையில் இல்லை, சரசாளின் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்தது. எந்த மேஸ்திரியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. சரசாள் விட மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து இல்லத்துக்கு வந்தார். பழத்தட்டு இல்லை. திலகமணி வெங்காயக் கூடையை நகர்த்தி வைத்தார். நாச்சிமுத்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தார், உரிக்கவில்லை.

"எங்க கம்பெனிக்குப் பின்தெருவுல பழைய ரைஸ் மில்லு ஒண்ணு இருக்குதுங்க. அதுல ஒரு கம்பவுண்டர் குடியை நிறுத்தறதுக்கு ஆளுங்களைத் தங்க வெச்சுப் பாக்கறாராமா. எனக்குத் தெரியாதுங்கம்மா. இருபது வருஷமா அந்த வழியாத்தான் கார்ல போறேன்."

"எத்தனை சீட்டு?"

"நூத்தி முப்பத்தொண்ணு."

திலகமணி ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"ஒரு சீட்டுல பேரோட நிறுத்தாம இதையும் எழுதியிருந்துச்சுங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் படித்தார். "'எங்க வீட்டுக்காரர் அங்க போய்ட்டு வந்து அஞ்சு மாசம் ஆகுது. பாப்பா இப்பத்தான் அவர்கிட்ட போகுது.'" காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "எங்கிட்ட வேலை செய்யற பொம்பளைங்கம்மா. எத்தனை பேரு வீட்டுல இந்தப் பாடு! போன தடவை இவங்க கையாலதான் உங்க பேரையும் எழுத வெச்சிருக்கேன். கம்பவுண்டரை நேத்தே போய்ப் பாத்துச் சொல்லிட்டனுங்க. அவருக்குத்தான்."

"நல்லதுங்கண்ணா."

"நல்லதுதானுங்க. ஆனா நம்ம இல்லத்துக்கு..." தலையைக் குனிந்துகொண்டார். "மூணே மூணு சீட்டுங்கம்மா."

அப்போது பின்கட்டுப் பக்கம் மேலேயிருந்து டொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. நாச்சிமுத்து திடுக்கிட்டு எழுந்தார். கூரை இடிந்தே விட்டது என்று நினைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கூரைமேல் அவருடைய கம்பெனி ஃபிட்டர் செல்லாண்டி நின்று விரிசல் விட்ட அட்டைகளைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஏணியில் நின்று வாங்கியது தையல் பிரிவுப் பெண் ஒருத்தி. கீழே இன்னொருத்தி அடுக்கினாள். முதலாளியைப் பார்த்ததும் மூன்று பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி விழித்தார்கள்.

"காலையில ஆறு மணிக்கே வந்துட்டாங்க" என்றார் திலகமணி, பின்னாலேயே நடந்து வந்து. "செல்லாண்டியோட மச்சான் பிரிச்ச நூல் மில்லோட அட்டைங்க நல்லதா சும்மா கிடக்குதாம், சாயங்காலம் வண்டியில வருது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடுவாங்களாம்."

நாச்சிமுத்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எப்படிங்கம்மா? போன தடவை இருநூத்திப் பன்னண்டு ஓட்டு விழுந்துது. இவங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வரலீங்களே."

திலகமணி ஏணியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவை எனக்கு விழுந்தது ஒரே ஓட்டுங்கண்ணா, உங்களுது. இந்தத் தடவைதான் மூணு."