கொக்கு வராத நாள்

தாமரைக் குளத்துத் தவளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையேறும் முன் பறவைகளிடம் செய்தி கேட்கும். யார் அதிக நேரம் பேசுகிறாரோ, அவர் சொன்னதுதான் பெரிய செய்தி! விடிய விடியக் கத்துகிற கூட்டம் வேறு எப்படி அளக்கும்?

ஒரு நாள் காலையில் மழை பெய்து ஓய்ந்தது. கரையோரக் கோரைப் புல்லில் ஈசல் மொய்த்தது. தவளைகள் குஞ்சு குளுவான்களோடு விருந்துக்குக் கிளம்பின.

முதலில் காகம் பேசியது. "சூரியன் கிழக்கே உதித்தது! குளத்தில் மீன்கள் நீந்துகின்றன! எருமைகள் சேற்றில் புரள்கின்றன!" இப்படியே மூச்சு விடாமல் அரை நாழிகை பேசியது.

"அடடா, எவ்வளவு பெரிய செய்தி!" என்று தவளைத் தலைவன் மொந்தையன் பூரித்துப்போனான்.

அடுத்து மீன்கொத்தி வந்தது. "இன்று கொக்கு வரவில்லை" என்றது. அவ்வளவுதான்.

"இத்தனூண்டு செய்தியா?" என்று தவளைகள் சிரித்தன. "கொக்கு வராவிட்டால் நமக்குக் கொண்டாட்டம்தானே! கிளம்புங்கள்!"

கரையோரப் பொந்திலிருந்து ஒரு நண்டு வந்து வழியை மறித்தது. "பொறு மொந்தையா! காகம் சொன்னதில் உனக்குத் தெரியாதது எது?"

"ஒன்றும் இல்லை. எல்லாம் தினமும் நடப்பதுதான்."

"கொக்கு வராதது?"

"அது... நான் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நடந்ததில்லையே!"

"அப்படியானால் எது பெரிய செய்தி? இவ்வளவு தவளை இருக்கும் இடத்தைக் கொக்கு சும்மா விடுமா? அதையே விரட்டியது எது?"

மொந்தையன் சட்டென்று கோரைப் பக்கம் திரும்பினான். அவனுடைய கடைசி மகள் அதற்குள் துள்ளிக்கொண்டு கோரையை நெருங்கிவிட்டாள்.

"தண்ணீரில் குதி!" என்று அலறினான்.

அவள் குதித்தாள். அதே நொடியில் கோரைக்குள்ளிருந்து காட்டுப்பூனை பாய்ந்தது. அதன் நகத்தில் வெறும் சேறுதான் சிக்கியது!

மொந்தையன் மகளை இறுக அணைத்துக்கொண்டான்.

மறுநாள் குளத்தில் புதுச் சட்டம் வந்தது. பறவை வாய் திறக்கும் முன்பே, அது என்ன சொல்லப்போகிறது என்று ஒவ்வொரு தவளையும் ஊகித்துச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் ஊகம் தப்புகிறதோ, அத்தனை பெரியது அந்தச் செய்தி. காகம் வேறு குளம் பார்த்துப் போய்விட்டது.

எல்லோரும் எதிர்பார்த்ததை எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் அது செய்தியல்ல. யாரும் எதிர்பாராததை ஒரே வரியில் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.