தாழங்குளத்துத் தண்ணீர்

செம்பூர்க்கோட்டையை ஆண்ட கோப்பெருமாள் ராஜாவுக்குத் தன் பெயர் மேல் கொள்ளை ஆசை. கோட்டைக்குள் ஜனம் பெருகி இடம் போதாமல் போனபோது, மதிலுக்கு வெளியே அரைக் காத தூரத்தில் பாறைக்காட்டைத் திருத்தி ஒரு புறநகர் எழுப்பினார். அதற்குக் கோப்பெருமாள்பேட்டை என்று பெயர் வைத்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. நேர்நேரான தெருக்கள், தெருவுக்கு ஒரு சிங்கமுகக் குழாய். குறை ஒன்றுதான். சிங்கத்தின் வாயில் வந்தது சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீர்.

அதில் பருப்பு வேகாது. சீயக்காய் தேய்த்தால் எண்ணெய் போகாது, முடிதான் தேங்காய் நார் மாதிரி விறைத்து நிற்கும். புதுப் பானை ஒரே மாதத்தில் உள்ளுக்குள் வெள்ளையடித்துக்கொள்ளும். பேட்டைப் பெண்கள் தினமும் கோட்டைக்குள் வந்து கோயில் கிணற்றில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். தன் பெயர் வைத்த ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் அலைவதை ராஜாவால் பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பேட்டையில் சோற்றுக்கடை வைத்திருந்த தாயாரம்மை சபைக்கு ஒரு சட்டியோடு வந்தாள். காலையிலிருந்து வெந்த பருப்பு என்று சொல்லி ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள். அது 'டக்' என்று விழுந்து, உருண்டு, சிம்மாசனத்துப் படியில் போய் நின்றது.

ராஜாவின் முகம் சிவந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம்: தண்ணீரைப் பற்றிப் புகார் வந்தால் ராஜாவே சுவைத்துத் தீர்ப்புச் சொல்வார். ஊர்த் தண்ணீர் விவகாரத்தைக் கவனிக்கும் நீர்மணியம் சங்கரமூர்த்தி வெள்ளிக் கிண்ணத்தோடு பேட்டைக்குப் புறப்பட்டார். ராஜா வாயிலிட்ட வெற்றிலையை மென்று முடிக்குமுன் திரும்பியும் வந்துவிட்டார்.

ராஜா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"அமிர்தம். தாழம்பூ வாசனைகூட வருகிறது."

அரசவைப் புலவர் வெண்காடர் பக்கத்தில்தான் நின்றார். பேட்டையில் தாழை கிடையாது. அந்த ஊரிலேயே தாழை இருப்பது ஒரே இடத்தில், ஆற்றுத் தண்ணீர் வந்து விழும் அந்தப்புரக் குளத்தங்கரையில். ஆனால் ராஜாவின் நாக்குத் தப்பு என்று நிறைந்த சபையில் சொன்னவர் யாரும் மறுநாள் சபைக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. வெண்காடர் வாயை மூடிக்கொண்டார்.

ஓலை எழுதப்பட்டது. இன்று ராஜா சுவைத்த நீரே பேட்டை நீர். பேட்டைவாசிகள் இந்த நீரைத் தவிர வேறு நீரைத் தொடக் கூடாது. பொய்ப் புகார் சொன்ன தாயாரம்மை மூன்று நாளில் பேட்டையை விட்டுப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் வெண்காடர் வீட்டு வாசலில் வந்து அழுதாள்.

"கோட்டைக்குள்ள இருந்த வீட்டையும் வித்துட்டுத்தான் சாமி அங்க போனேன். இனி எங்க போவேன்? நான் பொய்யா சொன்னேன்?"

வெண்காடருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. சபையில் வாயைத் திறக்காத பாவம் நெஞ்சை அறுத்தது. உள்ளே போய் ஓலையின் நகலை எடுத்து வந்து மூன்று தரம் படித்தார்.

"ராஜா கட்டளையை மீறக் கூடாது தாயாரம்மா. இதுல என்ன எழுதியிருக்கோ, அதை ஓர் எழுத்துக் குறையாம செஞ்சிடுவோம்."

இவரும் கைவிட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் மேலும் நாலு வார்த்தை சொன்ன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

மறுநாள் காலை பட்டத்து ராணி தலை நிறைய எண்ணெயோடு குளத்துக்கு வந்தாள். படித்துறை முழுக்கப் பேட்டைப் பெண்கள். முந்நூறு குடம் இருக்கும். ஒருத்தி பருப்புக் களைந்துகொண்டிருந்தாள். வாயில் காவலனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வெண்காடர் நீட்டிய ஓலையில் ராஜ முத்திரை இருந்தது தெரிந்தது. விட்டுவிட்டான்.

ராஜா ஓடி வந்தார். பின்னால் நீர்மணியமும் வந்தார்.

"யார் இவர்களை உள்ளே விட்டது?"

"தாங்கள்தான் மகாராஜா" என்றார் வெண்காடர். "இந்த நீரைத் தவிர வேறு நீரைத் தொடக் கூடாது என்று கட்டளை. பாவம், அரைக் காதம் நடந்து வந்து கீழ்ப்படிகிறார்கள்."

"நான் சொன்னது பேட்டைத் தண்ணீரை!"

"இதுவும் அதுதானே மகாராஜா. ஒரு வாய் குடித்துப் பாருங்கள்."

ராஜா கையால் அள்ளிக் குடித்தார். கண்ணை மூடினார். மெல்லத் திறந்தார். கரையிலிருந்த தாழம்புதரைப் பார்த்தார். பிறகு நீர்மணியத்தைப் பார்த்தார். 'இது வேறு தண்ணீர்' என்று சொல்ல நீர்மணியத்துக்கு வழியில்லை. 'இதே தண்ணீர்தான்' என்று சொன்னால் குளம் பேட்டைக்குப் போய்விடும். அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படியென்றால் நேற்றுச் சபையில் நான் குடித்தது..."

"நாங்கள் குளித்த தண்ணீர்" என்றாள் ராணி. "அமிர்தம் என்றீர்களாமே."

ராஜா முதலில் இருமினார். அந்த இருமல் எங்கேயோ வழி மாறிச் சிரிப்பாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரித்தார். எழுந்தபோது தாயாரம்மை மேலிருந்த தண்டனை ரத்தாகியிருந்தது. வெண்காடரின் தோளில் ராஜாவின் பட்டுச் சால்வை இருந்தது. ஆற்றிலிருந்து பேட்டைக்கு வாய்க்கால் வெட்டவும் உத்தரவாயிற்று.

நீர்மணியம் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். பாறை நிலம், வெட்டி முடிக்க எப்படியும் இரண்டு வருஷம் ஆகும் என்றார்.

"இந்த ஆளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?" என்று ராஜா வெண்காடரைக் கேட்டார்.

"தண்டனை எதற்கு மகாராஜா? தாயாரம்மை வீட்டுக்கு அடுத்த வீடு காலியாக இருக்கிறது. வாய்க்கால் வரும்வரை குடும்பத்தோடு அங்கே இருந்து வேலையைப் பார்க்கட்டும்."

நீர்மணியத்தின் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். முதல் வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் பேட்டைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது.